வரேன் என்ற சொல்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அலுவலகத்தில் யாரும் யாரையும் மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. மெத்தை வைத்த நாற்காலி, குடிக்கத் தண்ணீர், ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி என்று எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. அந்த மரியாதையைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தின் முன்கட்டிடம் முழுக்கப் பொதுப் பிரிவு. ஆட்சிமொழியில் பாடம் நடக்கும், நாலு மாடி, மணி அடித்தால் தெருவுக்கே கேட்கும். பின்னால், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைத் தாண்டிப் போனால் இரண்டு அறைகள். அதுதான் தமிழ்ப் பிரிவு. ஒரே ஒரு டீச்சர், பத்தொன்பது பிள்ளைகள். சட்டப்படி பதினைந்து பிள்ளைகள் இருக்கிற வரைக்கும் அந்த அறைகளை யாரும் தொட முடியாது. பதினாலாகக் குறைந்தால் டீச்சர் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். பிள்ளைகள் முன்கட்டிடத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே தமிழ் என்று ஒரு பாடம் பெயருக்குக்கூடக் கிடையாது.

அந்த வருஷம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம், விரும்புகிறவர்கள் மட்டும் பொதுப் பிரிவுக்கு வரலாம், அதற்காகப் பெற்றோர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து அவரவர் மொழியிலேயே பேசச் சொல்லிக் கேட்போம், பேசுவது அப்படியே பதிவு செய்யப்படும் என்று இருந்தது. நம்ம மொழியில் பேசச் சொல்லி நம்மை ஒரு அலுவலகம் அழைக்கிறதே என்று பலருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இந்த வேலைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அப்படி வந்தவள்தான் ஆபீஸ் அக்கா. அலுவலகத்துக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோர்கள் வைத்த பெயர் அது. தமிழில் பட்டம் வாங்கிவிட்டு, பதினோரு வருஷமாகக் குளிர்பதனக் கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள். புருஷன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். ஒரே மகள், ஒன்பது வயது, அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி. காலையில் கண் விழித்ததிலிருந்து வாய் ஓயாது என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். படித்த படிப்புக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டதில் ஆபீஸ் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் மேஜைக்கு எதிரே சுவரில் மூன்று விதிகள் ஒட்டியிருந்தன. ஒன்று: சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க வேண்டும், விளக்கம் எழுதக் கூடாது. இரண்டு: மைக் மாட்டியதிலிருந்து கழற்றும் வரை பதிவாகும் எல்லாவற்றையும் எழுத வேண்டும். மூன்று: பேச்சின் போக்கில் மனம் மாறுவது இயல்பு, ஆகவே கடைசியாகச் சொன்னதே முடிவு. மூன்றையும் முதல் நாளே படித்தாள். நியாயமாகத்தான் பட்டது.

மைக் என்பது சட்டைக் காலரில் மாட்டுகிற பொடி மைக். மாட்டியவர் குரலை மட்டும் பிடிக்கும். பெற்றோருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளை கூட வந்தால் அதற்கும் ஒன்று. அதிகாரிக்குக் கிடையாது. அவர் கேட்பதை அவள்தானே தமிழில் கேட்கிறாள், அவர் குரல் எதற்கு? பேசி முடித்து எழுந்து வருகிறவர்களைக் கதவருகே நிறுத்தி மைக்கைக் கழற்றி வாங்கிக்கொள்வதும் அவள் வேலைதான்.

அதிகாரியைச் சிரிப்பு சார் என்பார்கள். எப்போதும் சிரித்த முகம். கோபம் வந்தாலும் அதே சிரிப்பு, தும்மல் வந்தாலும் அதே சிரிப்பு. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தாராம். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அவருக்கு விளக்கம் எழுதும் பழக்கம் இருந்தது" என்றார் சிரிப்பு சார். அந்தப் பெரியவர் விட்டுப்போன மேஜை டிராயரில் ஒரு பழைய அகராதி மட்டும் கிடந்தது.

முதலில் வந்தவர் பேக்கரிக்காரர். முழங்கையில் மாவு காயாமல் அடுப்படியிலிருந்து நேராக வந்திருந்தார். ஆபீஸ் அக்கா அட்டையில் இருந்த கேள்வியைப் படித்தாள். "பொதுப் பிரிவுக்கு வர உங்களுக்குச் சம்மதமா?"

"இல்லம்மா," என்றார் பேக்கரிக்காரர். "பையன் இப்பத்தான் எழுத்துக்கூட்டி ரொட்டிக் கவர்ல இருக்கறதெல்லாம் படிக்கறான். இப்பப் போய் மாத்துனா ரெண்டும் இல்லாம ஆயிடும். இங்கயே இருக்கட்டும்."

"வேற ஏதாவது சொல்லணுமா அண்ணே?"

"ஒண்ணுமில்ல. சார் தப்பா எடுத்துக்க வேணாம்னு சொல்லு. சரிம்மா, அப்ப வரேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். கடைசி வரிக்கு, ஆட்சிமொழியில் விடைபெறும்போது என்ன சொல்வார்களோ அதைப் போட்டாள். அரை மணி நேரத்தில் அந்தத் தாள் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பு சாரும் வந்தார். கடைசி வரியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.

"விடைபெறுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அந்தச் சொல்லையா சொன்னார்?"

"இல்லை சார். வரேன் என்றார். நாங்கள் கிளம்பும்போது அப்படித்தான் சொல்வோம்."

"வரேன் என்றால் என்ன?"

"வருகிறேன் என்று... ஆனால் சார்..."

"ஆனால் என்று தொடங்கினால் அது விளக்கம்." சிரித்தார். "உங்களுக்கு முன்னால் இருந்தவருக்கும் இந்த 'ஆனால்' வியாதி இருந்தது. பாவம், நல்ல மனிதர்." டிராயரைத் திறந்து அகராதியை எடுத்து, தேடாமல் கொள்ளாமல் சட்டென்று ஒரு பக்கத்தைப் பிரித்தார். 'வா' என்ற சொல்லின் கீழே ஏற்கெனவே ஒரு பென்சில் கோடு இருந்தது.

ஆபீஸ் அக்கா திருத்தினாள். 'சரி, அப்படியானால் வருகிறேன்' என்று ஆட்சிமொழியில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்த இடத்தில் அவளைத் திட்ட வேண்டும்போல் இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒருத்தி, மேலே 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும்போது கீழே ஒரு வரியை யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்பாள். அப்படித்தான் நினைத்தாள். சுவரில் இருந்த மூன்றாவது விதி அவள் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது.

அந்த வாரம் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். எலக்ட்ரீஷியன், நர்ஸம்மா, முடிவெட்டும் கடைக்காரர். மூன்று பேரும் முடியாது என்று கண்ணியமாகச் சொன்னார்கள். எழுந்து, "வரேங்க" என்றார் ஒருவர். "போயிட்டு வரேன்" என்றாள் நர்ஸம்மா. "அப்ப நாங்க வரோம்" என்றார் மூன்றாமவர். அவள் மூன்றையும் சொல்லுக்குச் சொல் எழுதினாள்.

திங்கட்கிழமை காலை, அவள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். பேக்கரிக்காரர் நின்றிருந்தார். கையில் ஒரு கடிதம். ஆட்சிமொழி அவருக்கு அவ்வளவாக ஓடாது.

"என்னம்மா எழுதியிருக்கான்? பையனை இன்னிக்கு முன்கட்டிடத்துல போய் உக்காரச் சொல்லிட்டாங்களாம்."

அவள் படித்தாள். 'தங்கள் உரையாடலின் முடிவில், சரி, வருகிறேன் என்று தெரிவித்த சம்மதத்துக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.' கீழே அவள் கையெழுத்தின் நகல் இருந்தது. மேல்முறையீடு செய்யலாம், ஆட்சிமொழியில் எழுதித் தர வேண்டும், ஒலிப்பதிவே சாட்சி என்று பொடி எழுத்தில் ஒரு வரியும் இருந்தது.

"நான் எப்பம்மா சம்மதிச்சேன்? உன் காது கேக்கத்தானே முடியாதுன்னேன்?"

அவள் மற்ற மூன்று வீடுகளுக்கும் ஓடிப்போய் விசாரித்தாள். நாலு வீட்டுக்கும் அதே கடிதம். பத்தொன்பதில் நாலு போக மீதி பதினைந்து. இன்னும் ஒரே ஒரு பிள்ளை போனால் அறைக்குப் பூட்டு.

அவள் எதையும் பூசி மெழுகவில்லை, அந்த மட்டும் அவளைப் பாராட்ட வேண்டும். அன்று சாயங்காலமே தையல்கடையில் எல்லாரையும் கூட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். தன் கையெழுத்தைப் பற்றியும் சொன்னாள். மெஷின்கள் நின்றுபோய், துணிக்குவியல்களுக்கு நடுவே சனம் உட்கார்ந்து கேட்டது. பேக்கரிக்காரர் மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அப்ப நாங்க என்னதான் சொல்றது?" என்றாள் தையல்கடைக்காரி.

"போறேன்னு சொல்லுங்க அக்கா. அதுல மாட்ட முடியாது."

"போறேனா?" அந்த அம்மா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "வாயைக் கழுவு. ஒரு எடத்த விட்டு எந்திரிக்கறப்ப போறேன்னு சொல்வாங்களா? எனக்கு நாக்கு எழும்பாதும்மா."

யாருக்கும்தான் எழும்பவில்லை. பழக்கிப் பார்த்தார்கள். டீச்சர் அதிகாரியாக உட்கார, ஒவ்வொருவராக எழுந்து "போ..." என்று ஆரம்பித்து, விக்கல் வந்தவர்கள்போல் நின்று, "...யிட்டு வரேன்" என்று முடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் சிரிப்பாகக்கூட இருந்தது. கொரியர்க்காரர் ஒருவர் பத்துத் தடவை முயன்று பத்துத் தடவையும் தோற்றுப்போய், "விடுங்கப்பா, நான் பேசாம ஊமையாவே போயிடறேன்" என்றார். கடைசியில் அதுதான் முடிவானது. கேட்டதற்கு முடியாது என்று சொல்ல வேண்டும், பிறகு வாயைத் தைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

ஆபீஸ் அக்காவுக்கு மட்டும் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஏதோ சண்டையில் அவள் புருஷன், "நான் போறேன்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினார். அன்று முழுக்க அவளுக்குப் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. பஸ் டிப்போவுக்கு நாலு தடவை போன் செய்தாள். மறுநாள் அவர் முழுசாக வந்து வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான் மூச்சு வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னது கிடையாது.

அடுத்த இரண்டு வாரம் அலுவலகத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் திருடர்கள்போல் வெளியே போனார்கள். தையல்கடைக்காரி பற்களைக் கடித்துக்கொண்டு, மைக்கைக் கழற்றும்போது மூச்சைக்கூட விடவில்லை. கொரியர்க்காரர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு போனார். தாளின் கடைசி வரி எல்லாருக்கும் 'இல்லை' என்றே முடிந்தது. சிரிப்பு சார் ஒவ்வொரு தாளையும் வாங்கிப் பார்த்து, சிரித்து, கோப்பில் வைத்தார்.

அப்படி முடிந்த தாள்களில் பதினாலாவதை வைத்துவிட்டு ஒரு நாள் கேட்டார். "உங்கள் மக்கள் முன்பெல்லாம் கிளம்பும்போது ஏதோ இனிமையாகச் சொல்வார்கள். இப்போது யாரும் சொல்வதில்லையே. என் மேல் ஏதாவது வருத்தமா?"

"தெரியவில்லை சார்."

"மரியாதை குறைந்துவருகிறது. என்ன செய்வது? சரி, இன்னும் ஒரு குடும்பம்தான் பாக்கி." ஒரு கவரை நீட்டினார். "வியாழக்கிழமை காலை பத்து மணி."

கவரில் அவள் விலாசம் இருந்தது. மற்ற கடிதங்களில் இல்லாத ஒரு வரியும் இருந்தது: 'பிள்ளையையும் அழைத்து வரவும்.'

வீட்டுக்குப் போகும் வழியில் பேக்கரியின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். பேக்கரிக்காரர் அவளைப் பார்த்துவிட்டுத் தட்டுகளை அடுக்கினார். பிறகு தானாகவே சொன்னார். "பையன் வீட்ல பேசறதே இல்லம்மா. முன்கட்டிடத்துல நம்ம பேச்சு பேசினா எழுந்து நிக்க வைக்கறாங்களாம். அடிக்கல்லாம் இல்ல. சும்மா நிக்க வைக்கறது. இப்ப நான் கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டறான்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் ரேடியோவுக்குப் பயிற்சி. யார் வீட்டுக்குப் போனாலும், கடைக்குப் போனாலும், மாடிப்படி இறங்கினாலும் "போயிட்டு வரேன்" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துகிற பிள்ளை அது. நாய்க்குட்டியிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பும். அதன் வாயை அடைப்பது லேசான காரியமா?

"ஏம்மா சொல்லக் கூடாது? நீதானே சொல்லணும்னு சொல்லிக் குடுத்தே?"

"அங்க மட்டும் சொல்லக் கூடாது."

"மரியாதை இல்லாதவன்னு நினைப்பாரே?"

"நினைச்சுட்டுப் போகட்டும். நீ அந்த வார்த்தைய சொன்னா டீச்சர் சாவியக் குடுத்துடணும். உங்க கிளாஸே இருக்காது. புரியுதா?"

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் அவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றுவார்களா? ஆனால் பயத்தில் இருக்கிறவர்களுக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரிவதில்லை. ரேடியோவின் முகம் சுருங்கியது. அன்றிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும்போதும் வாசலில் ஒரு கணம் தயங்கி, உதட்டை மடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கியது. இங்கே சொல்லலாம் கண்ணு என்றாலும் தலையை ஆட்டிவிட்டுப் போயிற்று. மறந்து வாய் தவறிவிடுமோ என்று அதற்குப் பயம்.

வியாழக்கிழமை அவள் மேஜையின் மறுபக்கத்து மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடித்தது, சிரிப்பு சாரின் முகம் சரியாகத் தெரியவில்லை. இத்தனை பேரை இதில் உட்கார வைத்திருக்கிறோம், இது நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டாள். தன் காலரில் தானே மைக்கை மாட்டி, மகளின் சட்டையிலும் ஒன்றை மாட்டினாள்.

"உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை," என்றார் சிரிப்பு சார். "ஆனால் சட்டப்படி நீங்கள் உங்கள் மொழியில்தான் பேச வேண்டும். கேள்வியை நீங்களே படியுங்கள், பதிலையும் நீங்களே சொல்லுங்கள். பிறகு நீங்களே எழுதித் தரலாம்."

அவள் அட்டையைப் படித்தாள். "பொதுப் பிரிவுக்கு வர உங்களுக்குச் சம்மதமா?" தன் குரல் யாருடையதோபோல் கேட்டது. "சம்மதமில்லை. என் மகள் தமிழ்ப் பிரிவுலதான் படிப்பா. இதுதான் என் முடிவு. இதுக்கு மேல பேச எதுவும் இல்ல."

"நன்றி," என்றார். குழந்தையிடம் திரும்பிக் கையை அசைத்து, ஆட்சிமொழியில் விடை சொன்னார். ஒரு மிட்டாயும் நீட்டினார். ரேடியோ மிட்டாயை வாங்கவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் ஒரு முனகல்கூட வரவில்லை. ஆபீஸ் அக்கா குனிந்து மகளின் மைக்கைக் கழற்றினாள். கழற்றிய பிறகும் அது கையை எடுக்கவில்லை.

என் தங்கமே என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது. முடிந்தது. பதினைந்து பேரும் அப்படியே நிற்கிறார்கள். மகளை அணைத்துக்கொண்டு கதவருகே போனாள். தன் காலரில் இருந்த மைக்கைக் கழற்ற விரலை வைத்தாள்.

"போயிட்டு வாங்க," என்றார் சிரிப்பு சார்.

தமிழில் சொன்னார். நம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுபோல், 'வா'வைக் கொஞ்சம் இழுத்து, 'ங்க'வில் தலையைச் சாய்த்து, அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

"வரேன் சார்," என்றாள் ஆபீஸ் அக்கா.

அவள் சொல்லவில்லை, அவள் வாய் சொன்னது. பேசக் கற்ற நாளிலிருந்து யார் போயிட்டு வாங்க என்றாலும் பதிலுக்கு வருகிற சொல், அதற்கு யோசனை எதற்கு? சொல்லி முடித்த பிறகும் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. ரேடியோ கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தது.

"அம்மா. நீயே சொல்லிட்டியே."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விரல் மைக்கின் மேலேயே இருந்தது. திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு சார் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அர்த்தம் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். அந்தப் பெரியவர் விளக்கம் எழுதினாரே, அந்த விளக்கத்தை இவர் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். அவள் மைக்கைக் கழற்றினாள்.

"மூன்று மணிக்குள் எழுதிக் கொடுங்கள்," என்றார் ஆட்சிமொழியில், தலையை நிமிர்த்தாமல். "சொல்லுக்குச் சொல்."

மகளை டீச்சரிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்து காதில் ஹெட்போனை மாட்டினாள். தன் கேள்வி கேட்டது. தன் பதில் கேட்டது. பிறகு மைக்கில் துணி உரசும் சத்தம், கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு அவள் குரல், சந்தோஷமாக, "வரேன் சார்." அவர் சொன்னது எங்கேயும் இல்லை. அவர் காலரில்தான் மைக் கிடையாதே. யாரும் எதுவும் சொல்லாமல் அவளாகவே மனம் மாறி, சிரித்த குரலில் சம்மதம் சொன்னதுபோல்தான் இருந்தது. மூன்று தடவை கேட்டாள். மூன்றாம் தடவை அவளே அதை நம்பிவிடுவாள்போல் இருந்தது.

அவள் 'விடைபெறுகிறேன்' என்று எழுதினாள். அதற்கு மேலே, 'அதிகாரி: போயிட்டு வாங்க' என்றும் எழுதினாள். கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய் வைத்தாள்.

சிரிப்பு சார் படித்தார். கோப்பைத் திறந்து நாலு தாள்களை எடுத்து அதன் பக்கத்தில் வரிசையாக வைத்தார். பேக்கரிக்காரர், எலக்ட்ரீஷியன், நர்ஸம்மா, முடிவெட்டும் கடைக்காரர். நாலிலும் 'வருகிறேன்' என்று இருந்தது. நாலிலும் அவள் கையெழுத்து.

"அதே சொல். நாலு பேர் சொன்னால் வருகிறேன், நீங்கள் சொன்னால் விடைபெறுகிறேன். இதில் எது பொய்?"

"அந்த நாலும்தான் சார்," என்றாள். நாலு தாள்களையும் அவர் பக்கம் நகர்த்தினாள். "அதில் கையெழுத்துப் போட்டது என் தப்பு. அதை எழுதியும் தருகிறேன்."

"தாருங்கள்." ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். அவள் எழுதித் தந்ததை வாங்கி, படிக்காமலே மடித்து டிராயருக்குள் வைத்தார். "பொய்யாக எழுதுகிறவர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இனி உங்கள் விளக்கத்துக்கு மதிப்பில்லை. ஒலிப்பதிவுக்கு மட்டும்தான் மதிப்பு. நாளையிலிருந்து வேறொருவர் வருவார். இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி."

கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார். அவள் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. 'தாங்கள் மகிழ்ச்சியுடன் தெரிவித்த சம்மதத்துக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.' மகிழ்ச்சியுடன் என்ற சொல்லைப் புதிய மொழிபெயர்ப்பாளர் தானாகச் சேர்த்திருக்கிறார். அது விளக்கம் ஆகாதா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. மேல்முறையீட்டை எழுதினாள். பரிசீலிப்பவர் பெயர் இருந்த இடத்தில் அதே சிரிப்பு சாரின் பெயர் இருந்தது. டீச்சர் சாவியை ஒப்படைத்தாள். பின்பக்கத்து இரண்டு அறைகளிலும் பழைய பெஞ்சுகளை அடுக்கிவிட்டார்கள். பேக்கரிக்காரர் ஒரு நாள் தானாக வந்து, ஒரு ரொட்டியை அவள் வீட்டு மேஜையில் வைத்துவிட்டு, "உன் வாய்லருந்தும் அந்த வார்த்தைய வாங்கிட்டானா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

முன்கட்டிடத்துக்குப் போக வேண்டிய முதல் நாள் காலை, புருஷன் டூட்டியில் இருந்தார். ஆபீஸ் அக்கா மகளுக்குப் புதுச் சீருடை போட்டு, பையை மாட்டி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். எல்லாம் முடிந்துவிட்டது, இனி எதற்கு அந்தப் பயிற்சி என்று அவளுக்குத் தோன்றியது. குனிந்து மகளின் காலரைச் சரி செய்துகொண்டே சொன்னாள்.

"கண்ணு, இப்ப சொல்லலாம். இனிமே எங்க வேணாலும் சொல்லலாம். போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ."

ரேடியோ தன் காலரைத் தொட்டுப் பார்த்தது. அங்கே மைக் இருக்கிறதா என்று விரலால் தடவியது. மாடிப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்தது. பிறகு அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிறவள்போல், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னது.

"போறேன்மா."

படியில் இறங்கும் சத்தம் கேட்டது. ஆபீஸ் அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளி மணி அடித்தது, தெருவுக்கே கேட்டது. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அவள் அங்கேதான் நின்றாள்.